டயாலிசிஸ் நடக்கும்போது பிபி ஏன் திடீரென்று இறங்குகிறது? நூறு வருஷத்துக்கு முன்பே விடையை எழுதிவைத்த ஸ்டார்லிங்கின் கதை

டயாலிசிஸ் அறையில் முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் அமைதியாகப் போய்விடும். சிக்கல் தலைகாட்டுவது பிற்பாதியில்தான். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கொட்டாவி விட ஆரம்பிப்பார். முகம் வெளிறும், வியர்க்கும், வயிற்றைப் புரட்டும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும். வந்தபோது 150 இருந்த பிபி இப்போது 90-ல் நிற்கும். செவிலியர் தலையணையை உருவிவிட்டு, காலைத் தூக்கிவைத்து, நீர் எடுப்பதை நிறுத்தி, கொஞ்சம் சலைன் ஏற்றுவார். பல நேரங்களில் பத்து நிமிஷத்தில் ஆள் தெளிந்துவிடுவார்.

அதோடு விஷயம் முடிந்ததா என்றால் இல்லை. மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் சரிந்து, கூடவே இப்படி அறிகுறிகளும் வந்தால் அதை டயாலிசிஸ் நேரத் தாழ் அழுத்தம் என்கிறார்கள். இது அடிக்கடி வந்தால் இதயத் தசையின் சில பகுதிகள் ரத்தம் போதாமல் சோர்ந்துபோகின்றன. மிச்சம் இருக்கும் கொஞ்ச சிறுநீரும் குறைகிறது. கையில் போட்ட ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால் ‘எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

ஏன் இப்படி ஆகிறது என்று எந்தச் சிறுநீரக மருத்துவரைக் கேட்டாலும், அவர் தரும் விளக்கத்துக்குள் ஓர் ஆங்கிலேயர் ஒளிந்திருப்பார். பெயர் எர்னஸ்ட் ஹென்றி ஸ்டார்லிங். சிறுநீரக மருத்துவர் இல்லை, உடலியல் பேராசிரியர். 1927-ல் இறந்துவிட்டார். ஒரு நோயாளிக்கு டயாலிசிஸ் நடப்பதை அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் ரத்தத்துக்கும் உடல் திசுவுக்கும் நடுவே நீர் எப்படிப் போய்வருகிறது, இதயம் நிரம்புவதற்கும் அது அடிப்பதற்கும் என்ன உறவு என்ற இரண்டு கேள்விக்கும் விடை கண்டவர் அவர்தான். டயாலிசிஸில் பிபி சரிவது இந்த இரண்டு விடைகளும் சந்திக்கிற இடம்.

பம்பாயில் அப்பா, லண்டனில் பிள்ளைகள்

ஸ்டார்லிங் பிறந்தது 1866 ஏப்ரல் 17, லண்டனில். அப்பா மேத்யூ ஹென்றி ஸ்டார்லிங் வழக்கறிஞர். பம்பாயில் அரசுப் பணி. சில வருஷங்களுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். பிள்ளைகளை வளர்த்ததெல்லாம் அம்மாதான். பெரிய வசதி இல்லாத, ஆனால் படிப்பில் குறை வைக்காத வீடு.

1882-ல், 16 வயதில், லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பில் கெட்டி. அந்தக் காலத்தில் உடலியல் கற்க வேண்டும் என்றால் ஜெர்மனிக்குப் போக வேண்டும். மாணவராக இருக்கும்போதே ஒரு கோடைக்காலம் ஹைடல்பெர்க்கில் வேலை பார்த்துவிட்டு வந்தார். மருத்துவம் முடித்ததும் நோயாளி பார்க்கப் போகாமல் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டார். நல்ல வருமானம் தரும் தொழிலை விட்டுவிட்டு தவளையும் நாயுமாக அலைவது அன்றைக்குப் பலருக்கும் புரியாத முடிவு.

கய்ஸில் அவருக்கு ஆசிரியராக இருந்த லியனார்டு வூல்ட்ரிட்ஜ் 1889-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய மனைவி ஃப்ளாரன்ஸை 1891-ல் ஸ்டார்லிங் திருமணம் செய்துகொண்டார். அறிவியல் தெரிந்த, ஜெர்மன் மொழி தெரிந்த பெண். கணவருடைய கட்டுரைகளிலும் கணக்கு வழக்குகளிலும் கடைசிவரை கூட நின்றார்.

அதே நேரத்தில்தான் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் வில்லியம் பேலிஸ் என்ற நண்பர் கிடைத்தார். ஸ்டார்லிங் சட்டென்று பேசுபவர், அவசரக்காரர், அழகாக இருப்பார். பேலிஸ் பணக்காரர், அடக்கமானவர், எதையும் நிதானமாகச் செய்பவர். 1893-ல் ஸ்டார்லிங்கின் தங்கை கெர்ட்ரூடை பேலிஸ் கட்டிக்கொண்டார். நண்பர்கள் மச்சான்கள் ஆனார்கள். இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் படித்தால்தான் நம் கேள்விக்கு முழு விடை கிடைக்கும்.

நிணநீரில் தொடங்கிய சண்டை

1892-ல் ஸ்டார்லிங் பிரெஸ்லாவ் நகருக்குப் போனார். அன்று ஜெர்மனி, இன்று போலந்து. அங்கே ருடால்ஃப் ஹைடன்ஹைன் பெரிய ஆள். நுண் ரத்தக்குழாயிலிருந்து திசுவுக்குள் நீர் கசிந்து நிணநீர் ஆவது எப்படி என்பது அப்போது பெரிய விவாதம். குழாயின் சுவரில் உள்ள செல்கள் சுரப்பிபோல வேலை செய்து நீரைச் சுரக்கின்றன என்றார் ஹைடன்ஹைன். அதெல்லாம் இல்லை, அழுத்தத்தால் வடிகிறது, அவ்வளவுதான் என்பது கார்ல் லுட்விக் வழி வந்தவர்களின் கட்சி.

பெரியவரிடம் கற்றுக்கொள்ளப் போன 26 வயதுப் பையன், ஊருக்குத் திரும்பியதும் அவருடைய கருத்தையே அடியோடு மாற்றினார். பேலிஸுடன் சேர்ந்து அழுத்தங்களை ஒவ்வொன்றாக அளந்தார். நீர் வெளியே போவது அழுத்தத்தால்தான் என்று காட்டிவிட்டார். ஆனால் அடுத்த கேள்வி அதைவிடக் கடினம். வெளியே போன நீர் திரும்ப எப்படி உள்ளே வருகிறது? வெளியேயுள்ளதைவிட உள்ளே அழுத்தம் அதிகம் இருக்கிறதே?

1896-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அதற்குப் பதில் வந்தது. ஒரு நாயின் ஒரு பின்னங்காலில் உப்புக் கரைசலை ஊசியால் செலுத்தி வீங்கவைத்தார். மறு காலை அப்படியே விட்டார். பிறகு ரத்தத்தை இரண்டு கால்கள் வழியாகவும் தனித்தனியாகப் பலமுறை சுற்றவிட்டார். வீங்கிய கால் வழியாக வந்த ரத்தம் நீர்த்திருந்தது, மற்றது நீர்க்கவில்லை. அப்படின்னா திசுவில் கிடந்த நீரை ரத்தம் தானாகவே உள்ளே இழுத்திருக்கிறது. இழுத்தது எது? ரத்தத்தில் உள்ள புரதம். அதன் இழுவிசையையும் அளந்து பார்த்தார். பாதரச அளவில் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர். நுண்குழாயில் நீரை வெளியே தள்ளும் அழுத்தமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். தள்ளுவதும் இழுப்பதும் சமமாக நிற்கும் ஒரு தராசு.

ரத்தம் இழந்தவருக்கு நுண்குழாய் அழுத்தம் குறையும். புரதத்தின் இழுவை மேலோங்கும். திசுவிலிருந்து நீர் ரத்தத்துக்குள் வந்து பள்ளத்தை நிரப்பும். ஸ்டார்லிங் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். டயாலிசிஸ் எந்திரம் செய்வதும் ஒரு வகையில் இதே கதைதான். ரத்தத்துக்குப் பதில் நீரை மட்டும் எடுக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்க

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் உடம்பில் ரத்தம் ஏறத்தாழ நாலரை லிட்டர். அதில் நீர்ப்பகுதியான பிளாஸ்மா இரண்டரை, மூன்று லிட்டருக்குள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே அவருக்கு 3 லிட்டர் நீர் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். நாலு மணி நேரத்தில் அந்த 3 லிட்டரையும் எடுக்கிறார்கள். அதாவது அவருடைய பிளாஸ்மா முழுக்க வெளியே வந்துவிட்ட மாதிரி. அப்புறம் எப்படி அவர் எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறார்?

எந்திரம் ரத்தத்திலிருந்து நீரை எடுக்க எடுக்க, காலிலும் வயிற்றிலும் திசுவிடையில் தேங்கிக் கிடக்கும் நீர் பின்னாலேயே ரத்தத்துக்குள் வந்து நிரப்பிக்கொண்டிருக்கிறது. கிணற்றில் இறைக்க இறைக்க ஊற்று சுரப்பது போல. ஊற்றுக்கு ஒரு வேகம் இருக்கிறது. மோட்டார் அதைவிட வேகமாக இறைத்தால் கிணறு வற்றும். பிபி சரிவதற்கு முதல் காரணம் இந்த வேக வித்தியாசம்தான்.

ஒரு மணி நேரத்தில், ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் எடுக்கும்போது ஆபத்து கூடுகிறது என்பது இன்று மருத்துவர்கள் கவனத்தில் வைத்திருக்கும் எல்லை. 60 கிலோக்காரருக்கு அது மணிக்கு 780 மில்லி. நாலு மணி நேரத்தில் 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அவரே 4 லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்தால் மணிக்கு ஒரு லிட்டர் எடுக்க வேண்டியிருக்கும். எல்லை தாண்டிவிட்டது. உப்பைக் குறை என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் குடிக்காமல் இருங்கள் என்றால் யாராலும் முடியாது. தாகத்தைக் கிளப்புவது உப்பு. நீர் நிறைய சேர்ந்துவிட்டால், நேரத்தைக் கூட்டி மெதுவாக எடுப்பதுதான் வழி. அரை மணி நேரம் கூட உட்காரச் சொன்னால் முகம் சுளிக்கிறோம், ஆனால் அந்த அரை மணி நேரம்தான் ஊற்று சுரக்கத் தேவையான நேரம்.

ஊற்றே சரியில்லாமல் போவதும் உண்டு. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தால் ஸ்டார்லிங் அளந்த இழுவிசை குறைகிறது. கால் வீங்கித்தான் இருக்கும், ஆனாலும் பிபி இறங்கும். நீர் உடம்பில் இருக்கிறது, ரத்தத்துக்குள் வர மறுக்கிறது. பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் நிலை இது. சரியாகச் சாப்பிட முடியாதவர்கள், கிருமித்தொற்றில் கிடந்து எழுந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று உலர் எடை. உபரி நீர் எல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை என்று ஒன்றைக் குறித்து வைத்திருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கிய சில மாதங்களில் பசி திரும்பி, நன்றாகச் சாப்பிட்டு, ஒருவருக்கு இரண்டு கிலோ சதை போட்டிருக்கலாம். அட்டையில் எடை பழையபடியே இருந்தால், அந்த இரண்டு கிலோ சதையையும் நீர் என்று நினைத்து எந்திரம் இறைக்கும். தேங்கிய நீர் தீர்ந்த பிறகும் இறைத்தால் பிபி விழாமல் என்ன செய்யும்? இந்த எடையை அவ்வப்போது திருத்தச் சொல்லிக் கேட்பது நோயாளி தரப்பில் செய்யக்கூடிய மிக உருப்படியான காரியம் என்பது என் எண்ணம்.

யூரியாவுக்கும் இதில் பங்கு உண்டு. ரத்தத்தில் யூரியா வேகமாகக் குறையும்போது, செல்களுக்குள் அது இன்னும் கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசம் கொஞ்சம் நீரைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்துக்கு வர வேண்டிய நீர் எதிர்த்திசையில் போய்விடும். டயாலிசிஸ் திரவத்தில் சோடியம் ரொம்பக் குறைவாக வைத்தாலும் இதே விளைவுதான்.

ஒரு பழுப்பு நாய்

1899-ல் ஸ்டார்லிங் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் ஆனார். 1902 ஜனவரியில் அவரும் பேலிஸும் சேர்ந்து செக்ரெட்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். கணையத்தைச் சுரக்கவைப்பது நரம்பு மட்டும்தான் என்றிருந்த எண்ணம் போய், ரத்தம் வழியாகவும் ஓர் உறுப்பு இன்னொரு உறுப்புக்குத் தூது அனுப்பும் என்று தெரிந்தது. 1905-ல் இந்தத் தூதுப் பொருள்களுக்கு ஸ்டார்லிங் வைத்த பெயர்தான் ஹார்மோன். இன்று தெருவில் போகிறவர்கூட ஹார்மோன் பிரச்சினை என்று பேசுகிறார்; பெயர் வைத்தவரைத்தான் தெரியாது.

அந்த ஆராய்ச்சியின் இன்னொரு பக்கம் கசப்பானது. 1902 டிசம்பரில் ஸ்டார்லிங் அறுவை செய்த ஒரு பழுப்பு நிற நாயை, 1903 பிப்ரவரியில் மாணவர்கள் முன்னால் பேலிஸ் மறுபடி பயன்படுத்தினார். நாய்க்குச் சரியாக மயக்கம் தரவில்லை என்று அங்கிருந்த இரண்டு ஸ்வீடன் நாட்டு மாணவிகள் எழுதினார்கள். விஷயம் பொதுமேடைக்குப் போனது. பேலிஸ் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். 2000 பவுண்டு இழப்பீடு. அதைக் கல்லூரி ஆய்வுக்கே கொடுத்துவிட்டார். ஆனால் ஒரே நாயை இருமுறை பயன்படுத்தியதை நீதிமன்றத்தில் ஸ்டார்லிங் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1906-ல் லண்டன் பேட்டர்சீயில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். மருத்துவ மாணவர்கள் அதை உடைக்கக் கிளம்ப, 1907-ல் தெருக் கலவரமே நடந்தது. இன்று மருத்துவப் பாடமாக இருக்கும் பலவும் இப்படிப்பட்ட உயிர்களின் மேல் எழுதப்பட்டவை. சிலை வைத்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

நிரம்பினால்தான் அடிக்கும்

1912 முதல் 1914 வரை ஸ்டார்லிங் இதயத்துக்கு வந்தார். நாயின் இதயத்தையும் நுரையீரலையும் உடலின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து, குழாய்களோடு இணைத்து, எவ்வளவு ரத்தம் உள்ளே போகிறது, எவ்வளவு எதிர்ப்பில் வெளியே வருகிறது என்று தன் விருப்பப்படி மாற்றிப் பார்க்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார். ரத்தம் கூடுதலாக வந்து இதய அறை விரிந்தால், அடுத்த துடிப்பு வலுவாக இருந்தது. குறைவாக வந்தால் துடிப்பும் மெலிந்தது. ஒரு எல்லைவரை இது பொருந்தும். இதயத்தின் விதி என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்க் இதற்கு முன்பே நெருங்கி வந்திருந்ததால் ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதி என்றும் சொல்வார்கள்.

டயாலிசிஸில் இது எங்கே வருகிறது? ரத்த அளவு குறைந்தால் இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும். நிரம்பாத இதயம் வலுவாக அடிக்காது. நல்ல இதயம் என்றால் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கும். ஆனால் பல வருஷம் உயர் அழுத்தத்தோடு போராடிய சிறுநீரக நோயாளிகளின் இடது இதய அறை தடித்து, விறைத்துப்போயிருக்கும். விறைத்த அறையை நிரப்பக் கூடுதல் அழுத்தம் வேண்டும். நிரப்பும் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே வெளியேறும் ரத்தம் மளமளவென்று சரியும். வருஷக்கணக்கில் ஹை பிபி இருந்தவருக்கே எந்திரத்தில் லோ பிபி வருவது ஏன் என்ற புதிருக்கு இதுவும் ஒரு விடை. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தாலோ, மாரடைப்பு வந்திருந்தாலோ இன்னும் மோசம். வழக்கமாக நன்றாக இருப்பவருக்குத் திடீரென்று பிபி விழ ஆரம்பித்தால், நீர்க் கணக்கை மட்டும் பார்க்காமல் இதயத்தையும் கிருமித்தொற்றையும் ரத்தக் கசிவையும் தேடிப் பார்க்க வேண்டும்.

மச்சானின் பங்கு

கிணறும் மோட்டாரும் சரி, குழாய் எப்படி? ரத்தம் குறையும்போது ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொண்டால் அழுத்தம் நிற்கும். குழாய்ச் சுவர் சுருங்குவதும் விரிவதும் பேலிஸின் துறை. அழுத்தம் மாறினால் குழாய்ச் சுவரின் தசை தானே அதற்கு ஏற்பச் சுருங்கும் என்று 1902-ல் அவர் எழுதியது இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது.

டயாலிசிஸில் இந்தக் குழாய்ப் பகுதி பல விதமாகக் காலை வாரும். நீண்டநாள் சர்க்கரை நோய் இருந்தால், குழாயைச் சுருங்கச் சொல்லும் நரம்புகள் பழுதடைந்திருக்கும். கட்டளை போகாது. டயாலிசிஸ் திரவம் வெதுவெதுப்பாக இருந்தால் உடம்பு சூடாகித் தோலின் குழாய்கள் விரியும். அதனால்தான் அடிக்கடி பிபி விழுபவர்களுக்குத் திரவத்தின் வெப்பத்தைச் சற்றுக் குறைத்து வைப்பார்கள். எந்திரத்தில் இருக்கும்போதே வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குத் திரும்பும். காலையில் போட்ட பிபி மாத்திரையும் அதே நேரத்தில் குழாயை விரித்துக்கொண்டிருக்கும். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், நாமாக நிறுத்தக் கூடாது.

முதல் உலகப் போரில் ரத்தம் இழந்து அதிர்ச்சியில் கிடந்த வீரர்களுக்கு வெறும் உப்புநீர் ஏற்றினால் சற்று நேரத்தில் பிபி மறுபடி விழுந்தது. உப்புநீர் குழாயில் தங்காமல் திசுவுக்குள் கசிந்துவிட்டது. ஸ்டார்லிங்கின் 1896 கட்டுரையை மனதில் வைத்து, உப்புநீரில் கருவேலம் பிசின் வகையைச் சேர்ந்த கோந்தைக் கரைத்து ஏற்றலாம் என்றார் பேலிஸ். புரதத்தின் இடத்தில் கோந்து நீரைப் பிடித்து வைத்தது. பின்னாளில் அது கைவிடப்பட்டாலும், கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கடைசி வருஷங்கள்

அதே போரில் ஸ்டார்லிங் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து விஷவாயுவிலிருந்து வீரர்களைக் காக்கும் வேலையைப் பார்த்தார். மேலதிகாரிகளின் அறிவியல் அறியாமையை முகத்துக்கு நேரே பேசிவிடுவார். அது யாருக்கும் பிடிக்கவில்லை. 1922-ல் பேலிஸுக்கு சர் பட்டம் கிடைத்தது. ஸ்டார்லிங்குக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை, நோபல் பரிசும் இல்லை. போர் முடிந்ததும் 1919-ல் ஜெர்மனிக்குப் போய் அங்கே மக்கள் பட்ட பட்டினியைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார்.

1920-ல் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு அறுவை செய்தார்கள். உடம்பு பழைய நிலைக்கு வரவில்லை. அந்த நிலையில்தான் சிறுநீரகத்தைக் கையில் எடுத்தார். எர்னஸ்ட் வெர்னி என்ற இளைஞரோடு சேர்ந்து, நாயின் சிறுநீரகத்தைத் தனியே பிரித்து, தன்னுடைய இதய-நுரையீரல் ஏற்பாட்டிலிருந்து அதற்கு ரத்தம் கொடுத்து, சிறுநீர் எப்படி உருவாகிறது என்று பார்த்தார். 1924 இறுதியில் முடிவுகள் வந்தன. அந்த ஆண்டுதான் ஜெர்மனியின் கீஸன் நகரில் கியோர்க் ஹாஸ் முதல்முறையாக ஒரு மனிதருக்கு டயாலிசிஸ் செய்தார். நோயாளியைப் பிழைக்கவைக்கும் எந்திரத்தை நெதர்லாந்தின் வில்லெம் கோல்ஃப் கட்டுவதற்கு இன்னும் இருபது வருஷம் இருந்தது.

பேலிஸ் 1924-ல் இறந்தார். 1927-ல் உடல்நலம் தேறட்டும் என்று மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலில் புறப்பட்டார் ஸ்டார்லிங். தனியாகத்தான் போனார். மே 2 அன்று, கப்பல் ஜமைக்காவின் கிங்ஸ்டனை அடையும் நேரத்தில் இறந்துபோனார். வயது 61. கிங்ஸ்டனிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவருடைய தராசில் ஒரு தட்டை இந்த நூற்றாண்டில் திருத்தியிருக்கிறார்கள். நுண்குழாயின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் திசுவுக்குப் போன நீரில் பெரும்பகுதி அவர் நினைத்ததுபோல நேரே குழாய்க்குத் திரும்புவதில்லை, நிணநீர் வழியாகவே வருகிறது என்று இப்போது தெரிகிறது. ஆனால் ரத்த அளவு திடீரென்று குறையும்போது, கொஞ்ச நேரத்துக்கு, திசு நீர் நேராக உள்ளே இழுக்கப்படுகிறது. டயாலிசிஸ் கட்டிலில் நடப்பது அந்த வகை. சில எந்திரங்களில் இப்போது ரத்த அளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத் திரையிலேயே கோடாகக் காட்டும் கருவி இருக்கிறது. கோடு சட்டென்று கீழே சாய்ந்தால், கொட்டாவி வரும்வரை காத்திராமல் நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.